காடைக்கு விட்ட சாமை

எங்கள் ஊரில் மனிதர்கள் தின்பதற்காக வெள்ளாமை வைப்பார்கள், மாடு தின்பதற்காக வைப்பார்கள், மரவள்ளி அரைக்கிற சேகோ ஆலை தின்பதற்காகவும் வைப்பார்கள். காடை தின்பதற்காக வைத்த ஒரே ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் அது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தவர். வேலை போய் எங்கள் வீட்டுக்கு வந்து, மூன்று மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் வரமாட்டார். அவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் அம்மா என்னைப் பின்னாலேயே துரத்துவாள். மாமாவுக்கு வழி தெரியாது போலிருக்கிறது என்று நானும் பெரிய மனுஷியாகக் கைபிடித்துக் கூட்டி வருவேன்.

ஆடியில் நல்ல மழை பெய்தது. ஒரு நாள் மாமா தானாக எழுந்து வந்து, மேட்டுக் கொல்லையில் அரை ஏக்கரைத் தனக்கு விடும்படி அப்பாவிடம் கேட்டார். சாமையும் தினையும் கலந்து விதைப்பாராம். மருந்து அடிக்க மாட்டாராம். விளைந்ததும் பாதியை அறுத்துக்கொண்டு மீதியை அப்படியே நிற்க விடுவாராம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது சாமைக் கொல்லையில் கால் வைத்தாலே காடைகள் விர்ரென்று கிளம்புமாம். எல்லோரும் மரவள்ளிக்கு மாறிய பிறகு அவற்றுக்குத் தின்ன மணியும் இல்லை, ஒளிய மறைவும் இல்லையாம். மூன்று மாதத்தில் அவர் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அன்று பேசிய அளவுக்கு வராது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினாள். அப்பா சரி என்றார்.

சாமை நன்றாகவே வந்தது. மாமாவும் தேறி வந்தார். தானே சோறு போட்டுத் தின்றார், என்னைக் கிண்டல்கூட செய்தார். வராதது காடைதான். கார்த்திகை பிறந்து, பாதியை அறுத்தாயிற்று. மீதி முற்றித் தலைசாய்ந்து நின்றது. கிளி வந்தது, எலி வந்தது, பக்கத்து வீட்டு ஆடு இரண்டு முறை வந்தது. பால் சொசைட்டியில் யாரோ, "உங்க மச்சினன் வூட்டு விருந்தாளிங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட, அப்பா கொதித்துப்போய் வந்தார்.

"தீபத்துக்குள்ள ஒரு காடையாவது கண்ணுல காட்டு மாப்ள. இல்லன்னா ஓட்டிட்டு மரவள்ளி நட்டுடறேன். நீயும் ஓசூர் பக்கமே ஒரு வேல பாத்துக்க."

மாமா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா களித் தட்டை அப்பா முன்னால் ணங்கென்று வைத்தாள். எனக்கோ மாமா போய்விடுவாரே என்று பயமாக இருந்தது.

தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாமா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடத்தூர்ப் பக்கம் போனார். தொப்பூர் ரோட்டோர ஓட்டல்களுக்கு வறுவலுக்காகக் காடை வளர்த்துத் தருகிற ஒரு பண்ணை அங்கே இருந்தது. திரும்பும்போது என் மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அதற்குள் ஆறு காடைகள். "அம்மாகிட்டகூட சொல்லக் கூடாது பாப்பா" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினேன்.

பிறந்ததிலிருந்து கூண்டைத் தவிர எதையும் காணாத காடைகள் அவை. சாமைக்குள் விட்டால் விட்ட இடத்திலேயே நின்றன. மாமா கைதட்டி விரட்டினார். அவர் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. ரெண்டு நாளில் பழகிவிடும், தீனி மட்டும் போடாதே என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் எவர்சில்வர் டம்ளரில் நொய் கொண்டுபோய், கரண்டியால் டங் டங்கென்று தட்டுவேன். ஆறும் ஓடி வரும். பொழுது சாய்ந்தால் கீரிக்குப் பயந்து பெட்டியில் போட்டு மோட்டார் ரூமில் ஒளித்து வைத்தோம். தினமும் காலையில் மோட்டார் போட அங்கே வருவது அப்பாதான் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. மாமா வைத்தது என்று நான் நினைத்தேன். நான் வைத்தது என்று மாமா நினைத்திருந்தார்.

தீபத்தன்று விடியற்காலையிலேயே காடைகளைச் சாமைக்குள் விட்டுவிட்டோம். பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய அப்பாவை மாமா கொல்லைக்கு அழைத்துப் போனார். அம்மாவும் வந்தாள். "சத்தம் போடாம வாங்க மாமா. மனுச வாடை பட்டாலே பறந்துடுங்க" என்று அப்பாவிடம் குசுகுசுத்தார். நாங்கள் பூனை மாதிரி நடந்தோம். வரப்பில் ஏறும்போது அப்பாவின் கையிலிருந்த காலிக் கேனில் மூடி இடித்து, டங் டங்கென்றது.

ஆறு காடைகளும் சாமையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தன. நேராக அப்பாவின் காலடிக்கு. ஒன்று அவர் செருப்பின் மேலேயே ஏறி நின்று கட்டைவிரலைக் கொத்தியது.

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு அழுகை முட்டியது. அப்பா குனிந்து காடைகளைப் பார்த்தார், நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார், ஒருமுறை செருமினார்.

"அட, நெசமாவே வந்துருச்சேப்பா!" என்றார். "நல்லா கொழுகொழுன்னு காட்டுக் காடைங்க. அடுத்த ஆடிக்கு ஒரு ஏக்கராவா வெதச்சிக்க மாப்ள. ஓசூரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

காலை மெல்ல விடுவித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து வேகவேகமாக நடந்தார். தோள் இரண்டும் குலுங்கின. மாமா வரப்பிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

அடுத்த வருடம் அசல் காட்டுக் காடைகளே வந்தன. டம்ளரை எவ்வளவு தட்டினாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தன. மரியாதை தெரியாத ஜென்மங்கள். மாமா இன்றைக்கும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். கோபத்தில் வாய் தவறி விட்ட கெடுவைத் திரும்ப வாங்க வழி தெரியாமல் அப்பா எப்படித் தவித்திருப்பார் என்பது, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம் அப்பா ஏமாந்துவிட்டார் என்பதுதான். பண்ணைக் காடைக்கும் காட்டுக் காடைக்கும் வித்தியாசம் தெரியாத அப்பா! பாவமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே வருத்தம்தான் என்று நினைத்து, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சொன்னேன்:

"அழாதம்மா. அப்பாகிட்ட நாங்க சொல்லவே மாட்டோம்."