பிஜுவின் மூக்கை உடைத்த கட்டளை

இன்று காலை கழக்கூட்டம் ஆபீசில், டெஸ்டிங் டீம் முருகேசன் கீபோர்டை எடுத்து டெவலப்பர் பிஜுவின் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது. தெறித்த பொத்தான்களில் இரண்டு என் காலடியில் வந்து விழுந்தன.

மதியம் கிளையண்டுக்கு டெலிவரி. பிஜுவின் டீமுக்கு அவர்களுடைய ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாமே டெஸ்டிங் குழுவின் பெயருக்கு மாறிக் கிடந்தன.

"எடா, நீயல்லே மாத்தினது?" என்று பிஜுதான் முதலில் மலையாளத்தில் கத்தி முருகேசனின் சட்டையைப் பிடித்தான்.

"நான் தொடல்ல. கைய எடு."

"கள்ளன்."

அதற்குத்தான் கீபோர்டு. பிஜு பதிலுக்கு முருகேசனின் தலையை மானிட்டரில் மோதினான். நானும் செக்யூரிட்டி சேட்டனும் பிரித்து, இருவரையும் தனித்தனி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

நான்தான் அங்கே சிஸ்டம் அட்மின். தரையில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, யார் மாற்றியது என்று சர்வரில் தேடினேன்.

நேற்று மாலை அடித்த ஒரு வரி இருந்தது:

chgrp -R testing .

ஃபைல்களை டெஸ்டிங் குழுவின் பெயருக்கு மாற்றும் கட்டளை. கடைசிப் புள்ளிக்கு, நிற்கிற இடத்தில் உள்ள அத்தனையும் என்று அர்த்தம். டெஸ்டிங் ஃபோல்டருக்குள் போகாமல், ஒரு படி மேலே, எல்லா டீமின் ஃபோல்டர்களும் இருக்கும் இடத்தில் நின்றே அடித்திருக்கிறேன். ஆமாம், நான்தான். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

ஃபைல்களைத் திருப்பி மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் மேனேஜர் என் தோளில் தட்டிப் பாராட்டினார். "நீங்க கண்டுபிடிச்சு மாத்தினது நன்னாயி, கேட்டோ." நான் தலையாட்டினேன்.

முருகேசனிடம் சொல்லத்தான் போகிறேன். அவனுக்குப் புதுக் கீபோர்டு கொடுப்பதற்கு முன்பா, பின்பா என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.