ரேடியோவின் தொளதொளத்த சட்டை

தையற்காரம்மா நாத்தனாரின் சட்டையை மடியில் போட்டுப் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் மின்விசிறிக்கு நேர்கீழே நின்று குறை சொன்னாள்.

"என்ன தைச்சீங்க அண்ணி? போன மாசம்தான் பிடிச்சுக் குடுத்தீங்க, மறுபடியும் தொளதொளன்னு தொங்குது."

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தத்தான் பொத்தான் கிடையாது. தையற்காரம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தபோது, "எங்க அண்ணி பகல்லயே ஊத்திக்கிறாங்க" என்று கடைவீதி முழுக்க ஒலிபரப்பியவள் அவள்தான். துணி கொடுத்தவர்கள் வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிப் போனார்கள். புருஷனே ஒருநாள் கிட்டே வந்து வாயை மோந்து பார்த்தான்.

தையற்காரம்மா மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டர் காரணத்தைச் சொன்னார். கழுத்திலிருக்கும் தைராய்டு தேவைக்கு மேல் சுரக்கிறது. நெஞ்சு தாளம் தப்பி அடிப்பதும், கை நடுங்குவதும், சாப்பிடச் சாப்பிட இளைப்பதும் அதனால்தான். மாத்திரையில் எல்லாம் அடங்கியது, கெட்ட பெயரைத் தவிர. ரேடியோ அந்தச் செய்தியை மட்டும் ஒலிபரப்பவில்லை. "குடிக்கு இப்படி ஒரு பேரா?" என்று சிரித்தாள்.

தையற்காரம்மா எழுந்து அவள் இடுப்பில் நாடாவைச் சுற்றினாள். அளவு இன்னும் இறங்கியிருந்தது. காற்றுக்குக் கீழே நின்றும் முதுகு ஈரம். கழுத்தில் நாடி ஓடியது, தயங்கியது, பிறகு தடதடவென்று துள்ளியது.

"சட்டைமேல தப்பில்ல. சாப்பிடுறியா?"

"ரெண்டு ஆள் சாப்பாடு உள்ள போகுது. எங்க போகுதுன்னுதான் தெரியல."

"நெஞ்சு படபடங்குதா?"

ரேடியோ சட்டென்று ஓய்ந்தாள். நடுங்கும் விரல்களைத் தானே பார்த்தாள்.

"அண்ணி... உங்களுக்கு வந்ததா இது?"

"எனக்கு வந்தது குடின்னுதானே சொன்ன?"

"ஐயோ, அதையே இன்னும் பிடிச்சுக்கிட்டு... எந்த டாக்டர்னு சொல்லுங்க."

"நானே கூட்டிட்டுப் போறேன். முதல்ல கடைவீதிக்குப் போ. யார் யார்கிட்ட சொன்னியோ, அத்தனை பேர்கிட்டயும் பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வா."

"என் மானம் என்ன ஆகுறது?"

"என் மானம் ஆனதுதான்."

நாத்தனார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது அண்ணி. அதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

தையற்காரம்மா ஊசியில் நூலைக் கோத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்தது. ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு, பிரித்த சட்டையைத் தைக்காமல் அப்படியே அவள் மடியில் வைத்தாள். புடவையில் ஒட்டிய நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டு, "கடைவீதிக்குப் போயிட்டு வந்து கூப்பிடு" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள்.