கொட்டாம்பட்டிக்குப் போன பிளக்ஸ்

எங்கள் ஊரில் குழந்தைக்குக் காது குத்தினாலும் பிளக்ஸ், தாத்தா போய்ச் சேர்ந்தாலும் பிளக்ஸ். ஆகவே புயல் அடித்து, கொட்டாம்பட்டிப் பக்கம் வீடுகளின் கூரையெல்லாம் பறந்தபோது, கோச்சடையில் எங்கள் தெருக்காரர்கள் நிவாரணப் பொருள் சேர்ப்பதற்கு முன்பே பிளக்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். நானும்தான்.

முன்னின்றது பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் நண்பன். அரிசி, போர்வை, பிஸ்கட் என்று மினி லாரியை நிரப்பினான். பக்கவாட்டில் பதினைந்தடி நீளத்துக்குப் பிளக்ஸ் கட்டினான். நடுவில் அவன் கைகூப்பிச் சிரித்தான். சுற்றிலும் தெருவே சிரித்தது. என் முகம் மட்டும் ஓரத்தில், பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு. அதற்காக வழி முழுக்க நான் அவனோடு பேசவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொட்டாம்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் இறங்கினோம். தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அரிசி வாங்கிக்கொண்ட பெரியவர் ஒருவர், தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்டார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். கூரைத் தகரம் பறந்துபோய்க் கிணற்றில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் தங்கலாமென்றால், அங்கே காய்ச்சல்காரர்கள் நிறையப் பேர். பச்சைப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது?

போய்ப் பார்த்தோம். அந்தப் பெண் தொட்டிலுக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

கூரை போனவர்களுக்கு உதவக் கிளம்பிய இத்தனை பேரில் ஒருவருக்கும் தார்ப்பாய் வாங்கத் தோன்றவில்லை. பிளக்ஸில் யார் பெயர் முதலில் என்று இரண்டு நாள் பேசியிருக்கிறோம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பிப் பார்த்தால் நண்பன் லாரியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அந்த நுனியப் பிடி."

பிடித்தேன். மிச்சமிருந்த மரச்சட்டங்களின் மேல் பிளக்ஸை இழுத்துக் கட்டினோம். தொட்டில் இருந்த பாதி அறை மூடியது. கீழே இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே நெருக்கிக்கொண்டு அண்ணாந்து நின்றோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆனால் அவசரத்தில் அச்சடித்த பக்கம் உள்ளே வந்துவிட்டது. தொட்டிலுக்கு நேர் மேலே நண்பனின் பல்வரிசை. எனக்குக் கூசியது. மழை விட்டதும் திருப்பிப் போட்டுவிடுகிறோம் தாயி என்றேன்.

அவள் மேலே பார்த்துச் சிரித்துவிட்டாள். புயலுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள் என்று அவள் அப்பா சொன்னார்.

"இருக்கட்டும்ணே. மூணு நாளா மேல பாக்கவே பயமா இருந்துச்சு. இப்ப இம்புட்டுப் பேர் இருக்கீக."

நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தெருவுக்குப் போன் போட்டான். கட்டியிருக்கும் பிளக்ஸ் அத்தனையையும் அவிழ்த்து உடனே வண்டியேற்றச் சொன்னான், யார் மூஞ்சியாக இருந்தாலும் சரி.