மதிலுக்குள் ஒரு வைக்கோல் கட்டு

தஞ்சாவூரைச் சுற்றிக்காட்டச் சொல்லி இப்போதும் யாராவது என்னிடம் வருகிறார்கள். பெரிய கோவிலும் அரண்மனையும் பார்த்து முடித்தவர்கள், யாருக்கும் தெரியாத இடமாகக் காட்டுங்கள் என்பார்கள். காட்டுவேன். குளத்துத் தண்ணீரை ஊர்க் கிணறுகளுக்குக் கொண்டுபோன பழைய சுடுமண் குழாய்கள், அகழிக்கரைப் புதருக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடப்பதைக் காட்டுவேன். எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு ஒன்றைக் காட்டுவேன். "சின்ன வயசிலேயே சரித்திரத்துல ஆர்வமா சார்?" என்பார்கள். ஆர்வமாவது மண்ணாவது. நான் என் அண்ணனைத் தேடினேன். தேடியதில் ஊர் மனப்பாடமாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பாவும் அண்ணனும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். ஆட்சி மாறி, அரசாங்கக் கட்டடங்களிலெல்லாம் 'தமிழ் வாழ்க' எழுதி முடித்திருந்த காலம். களத்துமேட்டில் மட்டும் கூலியைப் பழைய மரக்காலிலேயே அளந்துகொண்டிருந்தார்கள். கூலி உயர்த்திக் கேட்டதும் மிராசுதார் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். தகராறு முற்றி, பண்ணைக் காரியக்காரர் மண்டையில் அடிபட்டுச் செத்துப்போனார். அடித்தது யார் என்று அங்கே நின்றவர்களுக்கே தெரியாது. போலீஸ் எழுதிய பெயர்களில் அண்ணன் பெயரும் இருந்தது. அன்றைக்கே ஆள் மாயம். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னதோடு சரி.

அண்ணிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நினைத்தபோதெல்லாம் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். 'தமிழ் வாழ்க' பலகைக்குக் கீழே தரையில் உட்காரவைத்து, பொழுது சாய்ந்ததும் அனுப்புவார்கள். புருஷன் கிடைக்கும்வரை இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணியின் அப்பா வந்து பார்த்துவிட்டு, "ஆள் போயிட்டான்னு வச்சு காரியத்த முடிச்சு விடுங்க. எம் பொண்ண நான் வேற எடத்துல கட்டிக் குடுத்துக்குறேன்" என்றார். எங்கள் ஜனத்தில் அது வழக்கம்தான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அண்ணி மட்டும் அசையவில்லை. எனக்குக் காலேஜில் இடம் கிடைத்து தஞ்சாவூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது என்னிடம் சொன்னார்: "அங்கதான் எங்கயாச்சும் இருப்பாரு. நீங்க தேடிப் பாத்துச் சொல்லுங்க தம்பி. இருக்காருன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லன்னா எங்கப்பா சொல்றபடி கேட்டுக்குறேன்."

ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் வாயில் வைத்து அனுப்பிவிட்டார். எனக்கு அண்ணன்மேல் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேடினேன். ஒளிந்திருப்பவன் கடைத்தெருவிலா நிற்பான்? ஜனங்கள் திரும்பிப் பார்க்காத இடங்களாகப் போனேன். அந்த ஊரில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சந்துக்குள் நுழைந்தால் இன்னொரு சந்து, அதன் கடைசியில் எந்த ராஜாவோ கட்டிவிட்டு மறந்துபோன மண்டபம். உச்சிவெயிலில்கூட உள்ளே நடுக்கும். குழாய் வாயில் காதை வைத்தால் ஆள் மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம் வந்து வந்து போகும். காற்று என்று படித்த புத்தி சொல்லும். ஆனாலும் நான் அதற்குள் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டதும் சத்தம் நின்றுவிடும்.

என்னைப் பயமுறுத்தியது வெறும் இருட்டு அல்ல. போகிற இடத்திலெல்லாம் எனக்குச் சற்று முன்னால் யாரோ எழுந்துபோனதுபோல இருக்கும். ஒட்டடை தொங்கும் வாசலில் ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும் ஒட்டடை இருக்காது. புழுதித் தரையில் உட்கார்ந்த தடம் இருக்கும். தொட்டுப் பார்த்தால் கல் வெதுவெதுப்பாக இருந்ததாகக்கூட நினைவு. வெயில் படாத கல் அது.

கீழவாசல் பக்கம் இடிந்த கோட்டை மதிலுக்குள் ஓர் அறை உண்டு. அந்தக் காலத்தில் வெடிமருந்து வைத்த இடம் என்பார்கள். ஆலமரத்து வேர் வாசலை முக்கால்வாசி மூடியிருந்தது. ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். பின்சுவரில் குனிந்து போகிற அளவில் ஒரு பொந்து, அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. உள்ளே படுப்பதற்கு வாகாக ஒரு வைக்கோல் கட்டு கிடந்தது. புது வைக்கோல், வாசனைகூடப் போகவில்லை. அதைக் கட்டியிருந்த பிரியைக் குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வைக்கோலைக் கயிறாகத் திரித்தால் பிரி. எல்லாரும் வலக்கையால் ஒரே பக்கமாகத்தான் முறுக்குவார்கள். அண்ணன் நொட்டாங்கைக்காரன். அவன் திரித்தால் முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். "எழவு வீட்டுல பாடை கட்டத்தான்டா இது ஆவும்" என்று அப்பா திட்டித் திட்டி அலுத்துப்போனார். எங்கள் களத்தில் நூறு கட்டுகள் கிடந்தாலும் அவன் கட்டியது தனியாகத் தெரியும். இங்கே கிடந்ததும் அந்த முறுக்குத்தான்.

வாங்கிவந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை அங்கே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போனபோது இலை சுத்தமாக வழிக்கப்பட்டு, பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல் வைக்கப்பட்டிருந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் இலையும் செங்கலும்தான். கட்டு இடம் மாறியிருக்கும், ஆள் இருக்கமாட்டான். ஒருமுறை, பார்த்துவிட்டே போவது என்று மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து வேரை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். கீழவாசலில் ரிக்‌ஷா இழுப்பவர், முகம் பழக்கம். என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை என்பதுதான் எனக்குத் திக்கென்றது.

"படிக்கிற தம்பிதானே நீங்க? சோறு வக்கிறது நீங்கதான்னு தெரியும்."

"இது யாரு கட்டுனது?" என்று பிரியைக் காட்டினேன்.

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் செத்துப்போயிட்டாரு தம்பி. ஊருக்குப் போயி காரியத்தச் செஞ்சிருங்க. செஞ்சுட்டா ஸ்டேஷன்காரனும் அந்தப் பொண்ண விட்டுடுவான்."

"யாரு சொன்னா?"

"அவருதான் சொல்லச் சொன்னாரு."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

ரிக்‌ஷாக்காரர் பேசிக்கொண்டே பின்சுவர்ப் பொந்தை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டிப் பிடித்தால் கைக்கு அகப்படுகிற தூரத்தில் அவன் இருந்தான். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்திருக்கலாம். கால் வரவில்லை. செத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பியவன் இருட்டுக்குள் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பானோ, அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ரிக்‌ஷாக்காரரைப் பார்த்தபடி, பொந்துக்குள் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். "அண்ணி இன்னும் ஸ்டேஷன் தரையிலதான் உக்காந்துட்டு வர்றாங்க. அவங்கப்பா வேற மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காரு. ஒரு வார்த்தைக்காகத்தான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்க. நான் செத்துட்டார்னு சொன்னா சொன்னதுதான், அப்பறம் மாத்த முடியாது. சொல்லட்டுமா?"

வெளியே ஆலமரத்தில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு உள்ளிருந்து இருமல் வந்தது. வீட்டில் ராத்திரியெல்லாம் கேட்டுப் பழகிய அண்ணனின் இருமல், வாயைப் பொத்திக்கொண்டு. அடக்க அடக்க, கல் அதை வாங்கி நாலு பக்கமும் திருப்பிச் சொன்னது. அடங்கியதும் ரிக்‌ஷாக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லிருங்க தம்பி" என்றார்.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அண்ணி நடவு முடிந்து வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கூட வந்த பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். எப்படிச் சொல்வது என்று யோசித்துவைத்ததெல்லாம் மறந்துபோய், "அண்ணன் தவறிட்டாருங்க அண்ணி" என்று போட்டு உடைத்தேன்.

அண்ணி நிமிரவில்லை. கெண்டைக்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அழுவார் என்று பார்த்தேன்.

"அந்த இருமல் நின்னுச்சாமா?" என்று கேட்டார்.

"இல்லிங்க அண்ணி. இன்னும் இருமிக்கிட்டுத்தான் இருக்காரு."

வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்ப அள்ளி உள்ளே போட்டுக்கொள்ள முடியவில்லை. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அது வந்து, நின்று, மெதுவாக அடங்கியதை நான் முழுசாகப் பார்த்தேன்.

கரையேறி, சேலையை உதறிவிட்டுக்கொண்டார்.

"காரியத்துக்கு நாள் பாக்கச் சொல்லுங்க தம்பி" என்றார். "அவரு கேட்டு நான் எத மாட்டேன்னிருக்கேன்."