சனிக்கிழமை 4.10 முதல் 7.10 வரை

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்களில் தவறு இருக்காது. பாதி என் குறிப்பேட்டில் இருக்கிறது. மீதி ஒரு கருவியில்.

நான் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். கசிவு கண்டுபிடிப்பது என் வேலை. கையில் ஓர் இரும்புக் கம்பி, அதன் நுனியில் காதில் பொருத்த ஒரு மரக் கிண்ணம். கம்பியைச் சுவரில் ஊன்றிக் கேட்டால், உள்ளே குழாய் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். அதிலும் பிடிபடாவிட்டால் உள்ளங்கை அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியைக் குழாயில் ஒட்டிவைப்போம். சரியாக மூன்று மணி நேரம் பதிவு செய்துவிட்டுத் தானாக நின்றுவிடும்.

"ஊர்ல இருக்கிற குழாய்க்கெல்லாம் காது குடுக்கிறீங்க. நான் பேசினா மட்டும் காது அடைச்சுக்குது" என்பாள் என் மனைவி.

அதற்காகவே, தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அந்த மரக் கிண்ணத்தைக் கழற்றி அவள் வயிற்றில் வைத்துக் கேட்பேன். குதிரை ஓடுவதுபோல் கேட்கும்.

"எங்கயாவது ஒழுகுதா, இன்ஜினியர் சார்?"

"கட்டடம் ஸ்ட்ராங்கா இருக்கு."

இப்படித்தான் எட்டாம் மாதம் பிறந்தது.

அந்தச் சனிக்கிழமை, மாலை 3.40. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தவள் கூப்பிட்டாள். கட்டில் ஓரம் நனைந்திருந்தது. தரையில், அவள் படுக்கும் பக்கம், இரண்டு கை அகலத்துக்குத் தண்ணீர்.

"நான்தானோன்னு வெட்கமாப் போச்சுங்க. அம்மாவுக்கு போன் போட்டேன். மாசம் ஏற ஏற அடக்க முடியாதுடி, எல்லாருக்கும் இருக்கிறதுதான்னாங்க."

நான் விரலில் தொட்டு முகர்ந்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வரும். இதில் வரவில்லை. லேசாக இனித்த வாசனை. சுவருக்குள் ஊறி வந்தால் குளோரின் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நீ இல்லம்மா. இந்தச் சுவருக்குள்ள குழாய் போகுது. அதுதான்."

அவள் முகம் தெளிந்தது. "அப்பாடா" என்று சிரித்தாள்.

அவளுடைய பனிக்குடம் உடைந்திருந்தது. குழந்தையைச் சுற்றி இருக்கும் நீர்ப்பை அது. வலி இல்லை. இரத்தம் இல்லை. அவளுக்குத் தெரியவில்லை. கசிவு பார்த்தே சம்பளம் வாங்குகிற எனக்கும் தெரியவில்லை.

4.10. அலமாரிக்குப் பின்னால், குழாய் வெளியே தெரியும் இடத்தில் கருவியை ஒட்டினேன். பிறகு கம்பியைச் சுவரில் ஊன்றினேன். எதுவும் கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன்.

4.42. கம்பிக்குள் அவள் குரல்.

"அங்க இல்லைங்க... இங்க."

மெல்லிய குரல். களைத்த குரல். நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை.

"கூப்பிட்டியா?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "நானா? வாய் நிறைய பிஸ்கட். எப்படிக் கூப்பிடுறது?"

பக்கத்து வீட்டுச் சத்தம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைத்தேன். ஆனாலும் தரை ஈரமானது. 5.30-க்கு ஒரு தடவை. 6.15-க்கு ஒரு தடவை. அவள் எழுந்து நின்ற இடத்தில் மட்டும்.

ஞாயிறு முழுவதும் சுவரை உடைத்தேன். உள்ளே செங்கல் பொடி பறந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பிள்ளைக்கு ஒரு சுவராவது மிச்சம் வைங்க" என்றாள் கட்டிலில் இருந்தபடி.

திங்கள் காலை 5.50. அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நெற்றி கொதித்தது.

6.35. ஆஸ்பத்திரி. வயிற்றில் பெல்ட் மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். குதிரை ஓடும் சத்தம். மிக வேகமாக.

"எத்தனை நாளா கசியுது?" டாக்டர் அம்மா கேட்டார்.

"ரெண்டு நாள்... குழாய்னு நெனச்சேன் டாக்டர்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கிருமி ஏறிடுச்சு. உடனே குழந்தையை எடுக்கணும்."

லிஃப்ட் வாசலில் அவள் தலையைத் தடவினேன். அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

"அங்க இல்லைங்க... இங்க."

லிஃப்ட் மணி அடித்தது. கதவு மூடியது.

7.20-க்குப் பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

என் மனைவி செவ்வாய் மதியம் 2.15 வரை இருந்தாள்.

நாலு மாதம் கழிந்தது. அத்தை எங்களோடு வந்து தங்கி, பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் அலுவலகத்தில் அந்தக் கருவியைத் திருப்பிக் கேட்டார்கள். அலமாரியை நகர்த்தினேன். வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பதிவு. சனிக்கிழமை, 4.10 முதல் 7.10 வரை.

வியாழன், காலை 11 மணி. அலுவலகம் முழுக்க ஆட்கள். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.

கம்பி சுவரில் தட்டும் சத்தம். என் செருப்புச் சத்தம்.

4.42. "அங்க இல்லைங்க... இங்க."

நான் கேட்டது நிஜம்தான்.

பிறகு ஒரு மணியோசை. லிஃப்ட் மணி.

5.30. குதிரை ஓடும் சத்தம்.

6.15. ஒரு பெண் குரல். "எத்தனை நாளா கசியுது?"

"ரெண்டு நாள்... குழாய்னு நெனச்சேன் டாக்டர்."

அது நான்.

சனிக்கிழமை. நான் இன்னும் சுவரை உடைக்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

கருவியின் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். ஒரு நொடிகூடத் தப்பில்லை.

கடைசி இரண்டு நிமிடங்களைக் கேட்டிருக்கக் கூடாது.

7.08. தண்ணீர்... எங்கோ நிறையத் தண்ணீர்.

7.09. ஈரத் தரையில் சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம்.

நாலைந்து வயதுக் குழந்தையின் குரல். பயந்த குரல்.

"அப்பா... அங்க இல்லப்பா..."

7.10. பதிவு முடிகிறது.

என் மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, போற இடமெல்லாம் தரையைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" என்று அத்தை கேட்கிறார்.

குனிந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

என் மனைவி 'இங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் சொல்வதற்குள் பதிவு நின்றுவிடுகிறது.