போட்டவரே வெட்டிய ரோடு

என் பிள்ளைகளே, போன பொங்கலுக்கு வந்திருந்தபோது தஞ்சாவூர் புறவழிச்சாலையில் காரை ஓரங்கட்டி, ஒரு பெரிய போர்டைக் காட்டி, "அப்பா, உங்க கம்பெனி" என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். பேச அலுப்பாக இருந்தது. போர்டில் நாலுவழிச் சாலையும் மேம்பாலமும் வரைந்திருந்தார்கள். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவரின் பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை. என் பெயர் இல்லாதது நியாயம். நான் ரோடு ரோலர் ஓட்டியவன். அவர் பெயர் எப்படி இல்லாமல் போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து மனத்தில் கிடக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி என்பது ஒரு பழைய ரோலரும், முதலாளியின் மோட்டார் சைக்கிளும்தான். நம் பக்கத்துக் களிமண்ணில் ரோடு போடுவது வீண் வேலை என்று பெரிய காண்ட்ராக்டர்கள் யாரும் வரமாட்டார்கள். சித்திரையில் கால் நுழைகிற அளவுக்கு மண் வெடிக்கும், ஐப்பசியில் ஊதிப்போய் மேலே போட்ட ஜல்லியைத் தள்ளிவிடும். முதலாளி அந்த மண்ணோடு எதை எதையோ கலந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ரைஸ் மில்களுக்குப் பின்னால் மலை மாதிரி கிடக்கும் உமிச்சாம்பலையும் சுண்ணாம்பையும் களிமண்ணோடு பிசைந்து, உருண்டை பிடித்து, என் ரோலரின் எஞ்சின் சூட்டில் வரிசையாகக் காயவைப்பார். எஞ்சினை அடுப்பாக்கிவிட்டீர்களே என்று நான் சலித்துக்கொள்வேன். காய்ந்த உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். வந்து பார்த்தால் எல்லாம் கரைந்திருக்கும். ஒருநாள் ஓர் உருண்டை கரையவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மாலை வரை நடந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ரோடு மழைக்கு நின்றது. அவர் அதோடு விடவில்லை. வெள்ளம் ஏறாதபடி ரோட்டையே வயலுக்கு மேலே உயர்த்திப் போட ஆரம்பித்தார். ஆட்சி மாறி, கிராமத்துக்குக் கிராமம் இணைப்புச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். டீக்கடை வாசலில் எல்லாம் கட்சிக் கொடி புதிதாக இருந்தது. வேலை குவிந்தது. நம் பக்கம் கல் கிடையாது, ஜல்லி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரவேண்டும். அதனால் நாகப்பட்டினத்தில் லாரிகள் வைத்திருந்த பாய் ஒருவரைக் கூட்டுச் சேர்த்தார். "அண்ணே, கல்லே இல்லாத ஊர்ல ரோடு கம்பெனி வச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பார் பாய். "கல்லு இருந்தா ஒங்கள எதுக்குப் பாய் சேத்துக்கறேன்" என்பார் இவர். பிறகு கும்பகோணத்தில் தார்க் கலவை இயந்திரம் வைத்திருந்தவரும் சேர்ந்தார். ஒவ்வொருவர் சேரும்போதும் லாரிக் கதவில் பெயர் நீண்டது. எழுத இடமில்லை என்று பெயின்டர் கையை விரித்தபோது, யார் பெயரும் இல்லாத ஒரு பொதுப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்தான் நீங்கள் போர்டில் பார்த்தது.

முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரில் வேலை தொடங்கினாலும் வெற்றிலை பாக்குத் தட்டோடு அந்த ஊர்ப் பெரிய மிராசுதார் வீட்டுக்குப் போவார். இந்த ஊரில் தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, எங்கே வடிகிறது என்று கேட்டு, அவர்கள் சொன்ன இடத்தில் எல்லாம் ரோட்டுக்கு அடியில் குழாய் வைப்பார். நிலம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தானே தண்ணீரின் போக்கு தெரியும் என்பது கணக்கு. அப்போது கூலி உயர்வுக்கும் குத்தகைக்கும் செங்கொடி ஏறி, ஊருக்கு ஊர் அடிதடியும் கோர்ட்டுமாக இருந்தது. உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார்கள் உபரி என்று விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் தாழ்வான நிலம், தண்ணீர் தேங்கி வடிந்து போகிற இடம். அப்படி ஒரு துண்டு, இழுபறிக்கெல்லாம் பிறகு, உங்கள் பெரியத்தை குடும்பத்துக்கும் அவர்கள் தெருக்காரர்களுக்கும் பட்டாவாகக் கிடைத்தது. முதல் சம்பா நட்டிருந்தார்கள். அத்தை காதில் கிடந்த தோடு தொங்கல் எல்லாம் விதையாகவும் நடவுக்கூலியாகவும் வயலில் இறங்கியிருந்தது.

அந்த நிலத்துக்குக் கிழக்கே எங்கள் புது ரோடு வந்தது. அதைவிட உயரமான ரோடு நாங்கள் போட்டதில்லை. சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்களோடு இணைய விரும்பியது. இந்த ரோட்டை வந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லியிருந்தார்கள். முதலாளி வாழ்நாள் முழுக்க நடந்ததே அந்தக் கையெழுத்தை நோக்கித்தான் என்று எனக்குத் தோன்றும்.

அவர்கள் வருவதற்கு முன் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டுக்கு மேற்கே தண்ணீர் ஏறி நின்றது, கிழக்கே வயல் சாதாரணமாக இருந்தது. எங்கள் ரோடு அணையாகிவிட்டது. முதலாளி வந்து பார்த்தபோது உங்கள் பெரியத்தை மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். நான் அவள் தம்பி என்பதை இரண்டு பேருமே அந்த நேரத்தில் கண்டுகொள்ளவில்லை.

"ரோடு நல்லா இருக்குங்க ஐயா. நாங்க செத்தா தூக்கிட்டுப் போக வசதி. அதுவரைக்கும் திங்கறதுக்குத்தான் வழியக் காணும்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. "இங்க வடிகால் எங்கம்மா இருந்துச்சு?"

"நீங்க நிக்கிற எடந்தான்."

"பெரிய வீட்டுல கேட்டேனே. அப்படி ஒண்ணும் இல்லன்னாங்க."

"நெலம் எங்க கைக்கு வந்தாச்சு. தண்ணிய மட்டும் இன்னும் அங்கயே போயிக் கேப்பீங்களோ."

பெரிய வீட்டில் வேண்டுமென்று மறைத்தார்களா, வாய்க்கால் என்று வெட்டாத தாழ்வான இடம் அவர்களுக்கு வடிகாலாகத் தோன்றவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பாய் ஜீப்பில் வந்து இறங்கினார். நாளைக்குச் சென்னைக்காரர்கள் வருகிறார்கள், இரண்டு நாள் பொறுத்தால் தண்ணீர் தானாக வற்றும், பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று கெஞ்சினார்.

"பயிரு ரெண்டு நாள் தாங்காது பாய்."

"கம்பெனி தாங்குமாண்ணே?"

அவர் பக்கத்தில் நின்றவனிடம் மண்வெட்டியை வாங்கி ரோட்டில் ஓங்கிப் போட்டார். மண்வெட்டி துள்ளித் திரும்பியது. மறுபடி போட்டார். அவருடைய கலவை அவ்வளவு கெட்டி. அத்தை அந்த நிலையிலும், "ஐயா போட்ட ரோடு, ஐயா சொன்னாக்கூட கேக்க மாட்டேங்குது" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் ரோலரின் பின்னால் பழைய ரோட்டைக் கிளறுகிற இரும்புப் பற்கள் உண்டு. அவற்றை இறக்கி, முன்னும் பின்னுமாக நான் கிழித்தேன். கிழித்ததைத் தெருக்காரர்கள் வாரி எறிந்தார்கள். பாய் திரும்பிப் போய் ஜீப்பில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வரப்பளவு மண் உடைந்ததும் தண்ணீர் சத்தத்தோடு கிழக்கே பாய்ந்தது. பயிரில் பாதிக்கு மேல் நின்றது.

மறுநாள் வந்த சென்னைக்காரர்களும் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். இணைப்பும் நடந்தது. உமிச்சாம்பல் கலவை வேண்டும், லாரிகள் வேண்டும், தார் இயந்திரம் வேண்டும். தான் போட்ட ரோட்டைத் தானே வெட்டுகிறவர் மட்டும் நிர்வாகத்தில் வேண்டாம் என்றார்கள். பாய் கையெழுத்துப் போட்டார். முதலாளியும் போட்டார். ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். கம்பெனி அதன்பின் எத்தனையோ கம்பெனிகளை விழுங்கி ஊரெல்லாம் வளர்ந்தது. நான் அதே ரோலரில் ஏறி உட்கார்ந்தேன், பிறகு புது ரோலரில். அந்த வேலையில்தான் நீங்கள் படித்தீர்கள். இதில் யாரைக் குறை சொல்வது என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது.

முதலாளி சீர்காழியில் மகள் வீட்டில் இருந்தார். போய்ப் பார்க்கும்போதெல்லாம் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "அந்த எடத்துல கொழா வச்சாங்களே, தண்ணி போவுதா?" என்பார். போகுதுங்க என்பேன்.

போன மாதம் அவர் காரியத்துக்குப் போயிருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பாய் கைத்தடியோடு வந்து, பந்தலில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸை விட்டு, ரோட்டை வெட்டிய அந்த இடத்தில் இறங்கினேன். ரோடு இன்னும் உயர்ந்திருக்கிறது. அத்தை பேரன் சம்பா போட்டிருந்தான். பக்கத்து வயலில் பிளாட் கல் நட்டிருந்தது. குழாயின் வாயை ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் கவர்களும் அடைத்துக்கொண்டிருந்தன. வேட்டியை மடித்துக்கட்டி, சரிவில் மெல்ல இறங்கி, கையால் பிடுங்கிக் கரையில் போட்டேன். மூச்சு வாங்கியது. நின்று நின்று பிடுங்கினேன். தண்ணீர் நகரத் தொடங்கிய பிறகு மேலே ஏறி, ரோட்டைக் கடந்து, மறுபக்கம் அது வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.