சோயா பால் போத்தல்

காரின் முன்கதவைத் திறந்து, இருக்கைக்குக் கீழே விரித்திருக்கும் கம்பளத்தைக் கிள்ளித் தூக்கி, மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்கிறார் மோகனராஜ். சேற்று வாடை அடித்தால் அது வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டி. எலுமிச்சை வாசனை தூக்கலாக இருந்தால் இன்னும் மோசம். யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள். விற்க வந்தவர் பக்கத்து ஊரான கெப்பாலா பத்தாஸில் பெரிய அதிகாரியாகவே இருக்கட்டும், அவர் முகத்தை மோகனராஜ் பார்ப்பதில்லை. "மனுசன் பொய் சொல்வான்லா. கார்பெட் சொல்லாது." செபராங் ஜெயாவில் பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் அவரை இத்தனை காலம் நிறுத்தி வைத்திருப்பது அந்த மூக்குதான்.

வீட்டிலும் அதே கதை. தொலைபேசியை எடுத்தால் எதிர்முனை பேசும்வரை வாய் திறக்க மாட்டார். மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினால், "நீ காட்டுனத வேணாம், அடியில இருக்கிறத எடு" என்பார். மனைவி பிரமிளா போனில் யாரோடாவது சிரித்தால், "யாரு? என்னவாம்?" என்று கேட்டு முடித்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சென்ற ஆண்டு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்தார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. நினைவு திரும்பி வார்டுக்கு வந்ததுமே மோகனராஜ் வேலையைத் தொடங்கிவிட்டார். தாதி ரோஹானா மாத்திரை கொண்டுவந்தால், எதற்கென்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் அந்தப் பெண்ணின் கண்களையே பார்ப்பார்.

வயிறு எரிந்தது. அதற்கென்று அவர்கள் கொடுத்த சின்ன மாத்திரையை அவர் நம்பவில்லை. "புதுசா வந்தத நம்மமேலதான் டெஸ்ட் பண்ணுவானுங்க." காரக் குழம்புகள் ஊற்றிய நாசி கண்டார் சோறு சாப்பிட்டு நெஞ்சு எரியும் போதெல்லாம் அவர் குடித்துப் பழகிய மருந்து வேறு. கெட்டியாக, வெள்ளையாக, புதினா மணத்தோடு இருக்கும். அதைச் சோயா பால் போத்தலில் ஊற்றிக் கொண்டுவரும்படி மனைவியிடம் சொன்னார்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க" என்றார் பிரமிளா.

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க. நீ வாயத் தொறந்த, அவ்வளவுதான்."

போத்தல் வந்தது. தாதிகள் அதைச் சோயா பால் என்றே நினைத்தார்கள். எரிச்சல் எழும்போதெல்லாம் மோகனராஜ் ஒரு மடக்குக் குடித்தார்.

பிறகுதான் உடம்பு தளர்ந்தது. சிறுநீர் குறைந்தது. இமைகள் தானாக மூடிக்கொண்டன. ராகினி என்ற இளம் டாக்டர் கட்டில் அருகே வந்து நின்றார்.

"அங்கிள், ஒங்க கிட்னி சோர்ந்துபோயிருக்கு. ரத்தத்துல மக்னீசியமும் ஏறிக்கிட்டே போகுது. வெளிமருந்து ஏதாச்சும் எடுக்குறீங்களா?"

"ஒண்ணுமில்ல. ஆபரேஷன் முடிஞ்சதும் நீங்கதானே மக்னீசியம் ஏத்துனீங்க? இப்ப என்னைக் கேட்டா?"

"இதயத் துடிப்பு தடுமாறாம இருக்கக் கொஞ்சம் குடுத்தோம். அத நிறுத்தியாச்சு. நிறுத்தின பிறகும் ஏறுதே, அதான் கேக்குறேன்."

டாக்டரின் பதில் தயங்காமல் வந்தது. அதுவே மோகனராஜுக்குச் சந்தேகப்படப் போதுமானதாக இருந்தது. அளவு தெரியாமல் ஏற்றிவிட்டார்கள், இப்போது பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டினார்.

மறுநாள் காலை, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ராகினியும் பிரமிளாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் கேட்கவில்லை. மோகனராஜ் கழுத்தை நீட்டி உதடுகளைப் பார்த்தார். டாக்டர் எதையோ கேட்டார். பிரமிளா தலை குனிந்தார். பிறகு துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் கூட இருந்தவள், ஒரு போத்தலை மறைக்கத் தெரியவில்லை.

ராகினி உள்ளே வந்து வாய் திறப்பதற்குள் மோகனராஜ் முந்திக்கொண்டார்.

"சொல்லிட்டாளா? எடுத்துக்கிட்டுப் போங்க அந்தப் போத்தல! அது என்ன கஞ்சாவா? வயித்தெரிச்சல் மருந்துதானே!"

ராகினி அப்படியே நின்றார். "எந்தப் போத்தல், அங்கிள்?"

மோகனராஜின் பார்வை தன்னையறியாமல் தலைமாட்டில் இருந்த போத்தல் பக்கம் போனது.

"ஆன்டி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. டயாலிசிஸ் செய்ய வேண்டி வரலாம், சம்மதமான்னு கேட்டேன். அதுக்குத்தான் அழுதாங்க."

போத்தலை எடுத்துத் திறந்து பார்த்த ராகினி கோபப்படவில்லை. "இதுல இருக்கிறதே மக்னீசியம்தான். அத வெளியேத்துற வேலை கிட்னியோடது. அதுக்கே முடியாதப்ப நீங்க உள்ள ஊத்திக்கிட்டே இருந்திருக்கீங்க. இன்னும் ஏறியிருந்தா துடிப்பே அடங்கியிருக்கும்."

"அப்ப கிட்னி கெட்டது இதனாலயா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேன். இந்த மாதிரி ஆபரேஷன்லயே கிட்னி அடிபடலாம். எது முதல்ல, எது பின்னாலன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது."

தெரியாது என்று ஒருவர் சொல்வதை எப்படிச் சந்தேகிப்பது என்று மோகனராஜுக்குத் தெரியவில்லை.

மருந்தை நிறுத்தியதும் மக்னீசியம் இறங்கியது. சிறுநீரகமும் மெல்லத் தேறியது. டயாலிசிஸ் வரை போகவில்லை. இன்றும் மோகனராஜ் யாரையும் எளிதில் நம்புவதில்லை. மருந்துக்கடைக்காரரைக் கேள்வி கேட்டே ஓய வைக்கிறார். அவர் முகராமல் எந்தக் காரும் கடைக்குள் நுழைய முடியாது.

ஆனால் அன்று, டாக்டர் போன பிறகு, அழுது சிவந்த முகத்தோடு பிரமிளா உள்ளே வந்தார். வார்டில் நாற்காலி காலியில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

மோகனராஜ் தையல் போட்டிருந்த காலை முழங்காலுக்குக் கீழே பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மறுபக்கம் நகர்த்தி, மனைவி உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.